மயக்க டாக்டரின் முகம்

நான் பார்த்த பயந்தாங்கொள்ளிகளில் யாருக்கு முதலிடம் என்று கேட்டால், யோசிக்காமல் அவரைச் சொல்லிவிடுவேன். லிஃப்டில் ஏற மாட்டார். கேண்டீன் தயிரை மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். ரயிலில் போனால் நடுப்பெட்டிதான். முன்னால் மோதினாலும் பின்னால் மோதினாலும் நடுப்பெட்டிக்குச் சேதம் குறைவாம். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆப்பரேஷன் தியேட்டரில் நான் டெக்னீஷியன், அவர் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். அவரைவிட எனக்கு நாலு வயது அதிகம் என்பதால் என்னை அண்ணே என்பார். நான் மேடம் என்பேன். முதுகுக்குப் பின்னால் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

ஒருமுறை எங்கள் நர்ஸ் ஒருத்திக்குப் பூதலூரில் கல்யாணம். ஆஸ்பத்திரியே வேன் பிடித்துப் போயிருந்தது. இவர் பந்தலுக்குள் கால் வைக்குமுன் மூங்கில் கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவது முடிச்சில் திருப்தி வரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வெயிலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துப் பதறிப்போய், சொந்தக்காரர்களில் பெரியவர் ஒருவரைச் சமாதானம் பேச அனுப்பினார்கள். பந்தல் கடைசிவரை விழவில்லை. வெயிலில் உட்கார்ந்ததில் இவருக்குத்தான் தலைவலி வந்தது.

தியேட்டரிலும் இதே கதைதான். எதையும் மூன்று தடவை பார்ப்பார். ஆக்சிஜன் சிலிண்டரின் அளவு காட்டும் முள்ளைக் கண்ணால் ஒரு தடவை பார்ப்பார். குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய் இன்னொரு தடவை. அப்புறம் காதை மெஷினோடு வைத்துக் காற்று போகிற சத்தத்தைக் கேட்பார். அதுவரை பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான சர்ஜன், கையுறை மாட்டிய கைகளைக் கோயிலில் நிற்பதைப்போலக் கூப்பிக்கொண்டு நிற்க வேண்டும்.

"என்னம்மா, பூசை முடிஞ்சுதா? நான் கத்தியை எடுக்கலாமா?" என்பார் பெரிய டாக்டர்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்பார் இவர். நாங்கள் மாஸ்க்குக்குள்ளேயே சிரிப்போம்.

அவர் அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு உண்டு. "தூங்க வெக்கிறத யாரு வேணா செய்யலாம் அண்ணே. எழுப்பி வீட்டுக்கு அனுப்புறதுதான் நம்ம வேலை."

ஒருநாள் அந்த மூன்றாவது தடவையில்தான், முள் நிறைவாகக் காட்டிக்கொண்டிருந்த ஒரு சிலிண்டரிலிருந்து காற்றே வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். வால்வு சிக்கியிருந்தது. அதைக் காலையில் பார்த்திருக்க வேண்டியவன் நான். பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன். மேசையில் படுத்திருந்த கர்ப்பிணிக்கு எதுவும் தெரியாது. பெரிய டாக்டருக்கும் தெரியாது. இவர் சிலிண்டரை மாற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டினார், அவ்வளவுதான். கேஸ் முடிந்து வெளியே வந்ததும், "கை நடுங்குது அண்ணே, ஒரு டீ வாங்கிட்டு வாங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு என் வேலை போயிருக்க வேண்டும். ஒரு வாரம் அவரைக் கிண்டல் பண்ணாமல் இருந்தேன். எட்டாம் நாள் பழையபடி ஆரம்பித்துவிட்டேன்.

மயக்க மருந்து ஏறுகிற அந்தச் சில நொடிகளில் மற்ற டாக்டர்கள் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வார்கள். இவர் நோயாளியின் தலைமாட்டில் குனிந்து, "உங்க ஊர் வாய்க்காலுக்குத் தண்ணி வந்துடுச்சா?" என்பார். எங்கள் பக்கத்து ஆட்களை வாய் திறக்க வைக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், "வந்து பத்து நாளாச்சே..." என்று சிரித்த முகமாகத் தூங்குவார்கள். கடைமடைக்காரர்கள் திட்டத் தொடங்குவார்கள். அதிகாரியின் அப்பாவைத் தொட்டு, பாட்டனுக்குப் போவதற்குள் தூங்கியிருப்பார்கள். கோடையில் வந்தால் "உளுந்து எடுத்தாச்சா?" கடலோரத்து ஆள் என்றால் "போட்டு கடலுக்குப் போவுதா?" டெல்டாவில் எந்த மதகில் என்ன தண்ணீர் என்று மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவருடைய சொந்த ஊரோ தரங்கம்பாடிப் பக்கம். லுத்தரன் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெண். ஒரு குழி வயல் கிடையாது.

இவ்வளவு பேசியும் ஒருவருக்கும் அவரை ஞாபகம் இருக்காது. அந்த மருந்தின் குணம் அப்படி. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று குடும்பத்தோடு இனிப்புப் பெட்டியும் வாழைத்தாருமாக வந்து, வராண்டாவில் எதிர்ப்படுகிற இவரிடமே, "சிஸ்டர், ஆப்பரேஷன் பண்ணுன டாக்டர் ரூம் எது?" என்று கேட்பார்கள். இவர் வழி காட்டுவார். "நேராப் போயி வலது பக்கம். பாத்துப் போங்க, தரை ஈரமா இருக்கு." நான் அருகில் இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

அப்புறம் கொரோனா வந்தது.

சாதாரண ஆப்பரேஷன்களை நிறுத்திவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரியின் மேல்மாடியைக் கொரோனா வார்டாக மாற்றினார்கள். மூச்சுத் திணறி வருகிறவர்களுக்குத் தொண்டைக்குள் டியூப் விட்டு வென்டிலேட்டரில் போட வேண்டும். அந்த டியூப் போடுகிறவர் மயக்க டாக்டர்தான். சர்ஜன் வயிற்றைப் பார்க்கிறவர். இவர் வாயைப் பார்க்கிறவர். அதுவும் தூர நின்றல்ல. ஸ்கோப் என்கிற விளக்கு வைத்த கருவியால் நாக்கைத் தூக்கிப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். நோயாளியின் மூச்சு நேராக முகத்தில் அடிக்கும். அதில் என்ன இருக்கிறது என்பது அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் வீரர்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் காரணங்கள் கிடைத்துவிட்டன. பெரிய டாக்டருக்குச் சர்க்கரை இருப்பது ஞாபகம் வந்தது; வீட்டிலிருந்தபடியே போனில் ஆலோசனை சொல்லத் தொடங்கினார். குவார்ட்டர்ஸில் நல்ல பாம்பைக் கம்பால் அடித்த எங்கள் ஹெட் நர்ஸ், மாமியாருக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனார். அந்த மாமியாரைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. மயக்க டாக்டரின் லீவு லெட்டர்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்பது எனக்கும் கேண்டீன்காரருக்கும் பெரிய புதிராக இருந்தது.

அவர் வந்தார். கேண்டீனிலிருந்து ஒரு டப்பா மஞ்சள்பொடியோடு வந்தார். மேலிருந்து கீழ்வரை மூடுகிற அந்தக் கவச உடையை எங்களை மாட்டச் சொல்லி, அதன்மேல் மஞ்சள்பொடியைக் கொட்டித் தடவினார். "இப்பக் கழட்டுங்க. உடம்புல எங்கயாவது மஞ்சள் ஒட்டியிருந்தா நீங்க செத்தீங்கன்னு அர்த்தம்." நான் நாலு தடவை செத்தேன். கழுத்தில் ஒரு தடவை, காதில் ஒரு தடவை, மணிக்கட்டில் இரண்டு தடவை. "மேடம் நமக்கெல்லாம் மஞ்சள் நீராட்டு நடத்துறாங்கப்பா" என்று நான் சொன்னதற்கு வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஐந்தாம் தடவை சுத்தமாகக் கழற்றிய பிறகுதான் என்னை உள்ளே விட்டார்.

"உங்களுக்குப் பயமா இல்லையா மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வயித்தக் கலக்குது அண்ணே. அதனாலதான் வந்தேன். பயம் இல்லாத ஆளு இந்த வார்டுக்குள்ள வந்தா ரெண்டாம் நாளே படுத்துக்குவாரு. அப்புறம் அவருக்கும் நான்தான் டியூப் போடணும்."

வீட்டுக்குப் போகாமல் மொட்டை மாடியில் இருந்த ஒரு சின்ன அறையில் தங்கினார். அவர் கணவர் தினமும் மத்தியானம் எதிர்ப்பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டி, வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். இவர் மாடியிலிருந்து கையாட்டுவார். கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நின்றுதான் ஆட்டுவார். உயரம் என்றாலும் பயம்.

அந்த ஆனி மாதத்தில் நன்னிலத்துப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச மூச்சில்லை. மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். டியூப் போட வேண்டும் என்று முடிவானது. மருந்து ஏற்றுமுன் இவர் அவர் தலைமாட்டில் குனிந்து, இரண்டு மாஸ்க்கும் ஒரு கண்ணாடித் திரையும் போட்டிருந்த வாயால் கத்தினார்.

"உங்க ஊர் வாய்க்காலுக்குத் தண்ணி வந்துடுச்சா?"

அந்த நிலைமையிலும் மனிதர் இல்லை என்று தலையை ஆட்டினார். மேட்டூர் திறந்திருந்தார்கள், அவர் ஊர் கடைமடை. பிறகு தூங்கிப்போனார்.

பதினோரு நாள் கழித்து டியூபை எடுத்தோம். அப்படி எடுக்கக் கொடுத்துவைத்தவர்கள் குறைவு. மறுநாள் தொண்டையில் கொஞ்சம் சத்தம் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பெண்டாட்டியைப் பற்றியதல்ல, பிள்ளைகளைப் பற்றியதும் அல்ல. கவச உடைக்குள் நின்ற இவரைப் பார்த்து, "தண்ணி... வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு. போன்ல உங்க சம்சாரத்துக்கிட்டக் கேட்டேன். நாத்தங்கால்ல விதை விட்டாச்சாம்" என்றார் இவர். கண்ணாடித் திரைக்குள் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்த உடைக்குள் இருந்தால் துடைக்கவும் முடியாது. துடைக்கிற சாக்கில் முகத்தைத் தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நோய் கொஞ்சம் தணிந்தது. தணிந்ததும் ஊருக்குப் பாராட்டு விழா நடத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஊர்ப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே மேடை போட்டு, ஆளுக்கொரு சால்வை என்று ஏற்பாடு செய்தார்கள். பெரிய டாக்டரின் சர்க்கரை அன்று கட்டுக்குள் இருந்தது. முதல் சால்வையை அவரே வாங்கிக்கொண்டார். ஹெட் நர்ஸின் மாமியாரும் குணமாகியிருந்தார்.

எனக்குக் காலையிலிருந்தே தொண்டை கரகரப்பு. முந்தின நாள் ஐஸ் போட்டுக் குடித்த நன்னாரி சர்பத் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். சொன்னால் சால்வை கிடையாது, போட்டோ கிடையாது, பதினாலு நாள் தனி அறை. கூடத்தில் எல்லாரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். இவர் ஒருத்தர் மட்டும் மாஸ்க்கோடு ஜன்னலோரம் நின்றார்.

"மேடம், மாஸ்க்க எடுங்க. போட்டோவுல யாருன்னே தெரியாது" என்றார் படம் எடுக்க வந்தவர். இவர் முடியாது என்று தலையாட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாள் எடுங்க மேடம். கொரோனாவுக்கும் இன்னிக்கு லீவு" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதும் அவர் எடுக்கவில்லை. இதை நான் ஆறுதலுக்காக அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

அந்த நேரத்தில்தான் நன்னிலத்துக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மெலிந்து பாதி ஆளாகியிருந்தார். கையில் ஒரு பெரிய பரங்கிக்காய். மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொருவரிடமும், "தண்ணி வந்துச்சான்னு கேட்ட டாக்டரம்மா யாரு?" என்று விசாரித்துக்கொண்டு ஜன்னலோரம் வந்துவிட்டார். இவர் ஒரு வார்த்தை பேசியதும் குரலைக் கண்டுகொண்டார்.

"இந்தக் குரலுதாம்மா. மூஞ்சிதான் தெரியாது. அன்னிக்கும் மூடியிருந்தீங்க, இன்னிக்கும் மூடியிருக்கீங்க. ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேம்மா."

இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அப்போது புரியவில்லை. பிறகு இரண்டு காதிலிருந்தும் கயிற்றைக் கழற்றி மாஸ்க்கை எடுத்தார். மூக்கின் மேலும் கன்னத்திலும் மாதக்கணக்கில் மாஸ்க் அழுத்திய தழும்பு கறுப்பாக இருந்தது. நன்னிலத்துக்காரர் அந்த முகத்தைச் சாவகாசமாகப் பார்த்தார். அப்புறம் பரங்கிக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"இனிமே எங்க பாத்தாலும் தெரிஞ்சுக்குவேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்துக்கொண்டு போய் அவருடைய தோளை ஒட்டி நின்று, "எல்லாரும் பல்லைக் காட்டுங்க" என்று கத்தி, செல்ஃபி எடுத்தேன். மறுநாள் பேப்பரில் விழாப் படம் வந்தது. பெரிய டாக்டருக்குப் போர்த்த விரித்த சால்வைக்குப் பின்னால் மயக்க டாக்டர் முழுதாக மறைந்திருந்தார்.

நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் தெரிந்தது. ஐந்தாம் நாள் அவருக்கு. நன்னிலத்துக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இரண்டு நாள் உடம்பு வலி, அவ்வளவுதான். அத்தனை பேர் வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டுக் கீறல் இல்லாமல் வந்தவரை, ஒரு பாராட்டு விழா படுக்கப் போட்டது. அவர் டியூப் போட்ட அதே வார்டில், எனக்கு ஆறு கட்டில் தள்ளி, ஆக்சிஜன் மாஸ்க்கோடு குப்புறப் படுத்திருந்தார். விரலில் மாட்டிய மெஷினில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது.

டியூப் போட வெளியிலிருந்து ஓர் இளம் டாக்டரை வரவழைத்தார்கள். அவர் ஸ்கோப்போடு பக்கத்தில் வந்ததும், இவர் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியபடி, "ஸ்கோப்புல... லைட்டு... பாத்தீங்களா?" என்றார். அந்தப் பையன் விசையைப் போட்டுப் பார்த்தான். விளக்கு மங்கலாக எரிந்தது. பேட்டரி தேடி ஓடினார்கள். மாற்றிக்கொண்டு வருவதற்குள் எண் இரண்டு ஏறியிருந்தது. "இன்னும்... ஒரு மணி நேரம்... பாப்போம்" என்றார். அப்படி ஒவ்வொரு மணி நேரமாக மூன்று நாளை ஓட்டினார். நான் அவ்வளவாகச் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அந்த மூன்று நாளும் கும்பிட்டேன். முழுக்க அவருக்காகத்தான் கும்பிட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அவர் போயிருந்தால் அந்தச் சர்பத் சாக்கை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தபோது லிஃப்டில் ஏறி வந்தார். கேண்டீன் தயிரை அப்படியே ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். "மோந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியப்போறதில்ல அண்ணே, வாசனையே போயிடுச்சு" என்று சிரித்தார். தியேட்டரில் முள்ளைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரெடி டாக்டர்" என்றார். பெரிய டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான்மா நீ மனுஷி ஆயிருக்க" என்றார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. அவர் விட்ட இரண்டாவது தடவையையும் மூன்றாவது தடவையையும் அவருக்குத் தெரியாமல் நான் பார்க்கத் தொடங்கினேன்.

ஒருநாள் பித்தப்பை ஆப்பரேஷனுக்கு ஒரு அம்மாளைப் படுக்க வைத்திருந்தோம். "நடவு முடிஞ்சுதா?" என்று கேட்டுத் தூங்க வைத்தார். தூங்கிய உடனே அந்த அம்மாள் வாந்தி எடுத்தார். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆள் காலி. உறிஞ்சி எடுக்கிற சக்ஷன் குழாய்க்குக் கையை நீட்டினார். அது சுவரிலிருந்து கழன்று கிடந்த குழாய். பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் பார்த்து மாட்டியிருந்தேன். அந்த அம்மாள் பிழைத்தார், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார், பெரிய டாக்டருக்கு இனிப்பு கொடுத்தார்.

கேஸ் முடிந்து கை கழுவுகிற இடத்தில் இவர், "சக்ஷன நான் பாக்கல. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் மேடம். கழண்டு கெடந்துச்சு."

வெகுநேரம் கை கழுவினார். "மறந்துட்டேன்னாக்கூடப் பரவால்ல. பாக்கணும்னே தோணல. பயமே வரமாட்டேங்குது அண்ணே. இப்பவும் பாருங்க, கை நடுங்கல." ஈரக்கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். உண்மைதான், நடுங்கவில்லை. மறுநாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. பெரிய டாக்டர் பல தடவை போன் பண்ணியும் திரும்பி வரவில்லை.

போன தை மாதம் தரங்கம்பாடிப் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். நலம் விசாரிக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். போனது அதற்கல்ல. அவர் கணவர் வெளியே போயிருந்தார். சாப்பிடச் சொல்லி இலை போட்டார். சாம்பார் வரைக்கும் தள்ளிப் போட்டேன். ரசத்தில் சொல்லிவிட்டேன்.

"மேடம், அந்த விழா அன்னிக்குக் காலையிலேர்ந்தே எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. நான் யாருக்கிட்டயும் சொல்லல."

"தெரியும் அண்ணே" என்றார், தயிர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே. "காலையில குட்மார்னிங் சொன்னீங்கள்ல, அப்பவே குரல் கம்மியிருந்துச்சு. அதுக்குப் பயந்துதான் ஜன்னலோரம் போயி நின்னேன்."

"தெரிஞ்சும் ஏம்மா மாஸ்க்க எடுத்தீங்க?"

"இருபத்தி நாலு வருஷமாத் தூங்க வெச்சிருக்கேன். மூஞ்சியப் பாக்கணும்னு கேட்டவரு அவரு ஒருத்தருதான். கேட்டதும் பயம் எங்கயோ போயிடுச்சு. போனது திரும்பி வரவும் இல்ல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

இலையில் தயிரை ஊற்றினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "அன்னிக்கு ஒரு செல்ஃபி எடுத்தீங்களே, இருக்கா? நான் பாக்கவே இல்ல. காட்டுங்க" என்றார்.

அந்தப் படம் இருக்கிறது. பலமுறை பார்த்திருக்கிறேன். படத்தில் முக்கால்வாசி என் முகம்தான், பல்லைக் காட்டிக்கொண்டு. என் கன்னத்துக்குப் பின்னால் அவருடைய ஒரு காதும் கொஞ்சம் நரைத்த முடியும் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

"அந்தப் போன் கெட்டுப்போச்சும்மா. படமெல்லாம் போயிடுச்சு" என்றேன்.

என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த, மூலையில் விரிசல் விட்ட அதே பழைய போனை அவர் பார்த்தார். மூன்று தடவை பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"சரி, போவட்டும். சாப்பிடுங்க அண்ணே" என்று இன்னொரு கரண்டி தயிர் ஊற்றினார். தயிர் புளித்துப்போயிருந்தது. அவருக்கு அது தெரிய வழியில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.